காமிராவுக்கும் வேர்க்கும்!

கோடை காலத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றி வையுங்கள். கொஞ்ச நேரத்தில் டம்ளரின் வெளிப்பக்கம் முழுவதும் முத்து முத்தாக நீர்த்துளி நிற்கும்.

டம்ளர் ஒழுகவில்லை. அதில் ஓட்டை எதுவும் இல்லை. அப்படியானால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

காற்றிலிருந்து வந்தது!

நம்மைச் சுற்றியுள்ள காற்றில் எப்போதும் நீராவி கலந்திருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. சில்லென்று இருக்கும் பொருள் மீது அந்தக் காற்று பட்டதும், ஆவி குளிர்ந்து தண்ணீராகி விடுகிறது. மார்கழி மாதத்துக் காலையில் புல் நுனியில் பனித்துளி நிற்பதும் இதனால்தான்.

டம்ளருக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. துணியால் துடைத்தால் சரியாகிவிடும். ஆனால் அதே தண்ணீர் ஒரு காமிராவுக்குள் போய் நின்றால்? அங்கே எந்தத் துணியைக் கொண்டு துடைப்பது?

தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஸ்வெட்டர் உண்டு, பை இல்லை

ஒரு காலத்தில் காமிரா என்பது வசதி படைத்தவர்கள் வீட்டுப் பொருளாக இருந்தது. இன்று அப்படி இல்லை. செல்போன் வடிவத்தில் அது எல்லார் கையிலும் வந்துவிட்டது. கூலி வேலை செய்பவரும் தன் பிள்ளையின் பிறந்த நாளைப் படம் எடுத்து வைக்கிறார். இது நல்ல மாறுதல்.

பயணமும் பெருகியிருக்கிறது. ஊட்டி, கொடைக்கானலோடு நின்றவர்கள் இப்போது குளு, மணாலி, காஷ்மீர், லடாக் என்று போகிறார்கள். பல வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில், வயதான தாய் தந்தையரையும் அழைத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

புறப்படும் முன்பு ஸ்வெட்டர் வாங்குகிறார்கள். கையுறை வாங்குகிறார்கள். குரங்குக் குல்லாய் வாங்குகிறார்கள். குழந்தைக்குச் சளி பிடிக்காமல் இருக்கத் தைலம் எடுத்துக்கொள்கிறார்கள். காமிராவுக்கு என்ன எடுத்துக்கொள்கிறார்கள்?

ஒன்றும் இல்லை!

காமிராவுக்குத் தேவையானது ஒரு சாதாரண பாலிதீன் பைதான். அதோடு கொஞ்சம் பொறுமை. இந்த இரண்டும் இல்லாததால், ஆயுளில் ஒரே ஒரு முறை கிடைக்கும் படங்கள் வீணாகின்றன. கடன் வாங்கி வாங்கிய காமிராக்கள் பழுதாகின்றன.

ஆபத்து எங்கே இருக்கிறது?

"கடுங்குளிரில் காமிரா கெட்டுவிடும்" என்று பலர் நினைக்கிறார்கள். குளிரில் தொல்லை உண்டு என்பது உண்மைதான். ஆனால் பெரிய ஆபத்து குளிருக்குள் போகும்போது வருவதில்லை. குளிரிலிருந்து வீட்டுக்குள் திரும்பி வரும்போதுதான் வருகிறது.

ஒரு குடும்பம் காஷ்மீரில் குல்மார்க் போயிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர் காலத்தில் எங்கு பார்த்தாலும் வெண்பனி. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 5 டிகிரி. அப்பா காமிராவால் படம் எடுக்கிறார். பாட்டி முதல் தடவையாகப் பனியைக் கையில் அள்ளுகிறார். எல்லாம் நன்றாகப் பதிவாகிறது.

இரண்டு மணி நேரம் கழித்து எல்லாரும் விடுதிக்குத் திரும்புகிறார்கள். உள்ளே கணப்பு எரிகிறது. பக்கத்தில் சமையல் நடக்கிறது. நனைந்த கம்பளி உடைகள் காய்கின்றன. பத்துப் பேர் மூச்சு விடுகிறார்கள். இத்தனையும் சேர்ந்து அறைக் காற்றில் ஈரத்தைக் கொட்டுகின்றன.

அப்பா காமிராவை மேஜை மேல் வைக்கிறார். மகள் ஆசையோடு எடுத்துப் பார்க்கிறாள்.

"அப்பா! எல்லாம் ஒரே வெள்ளையாத் தெரியுதே!"

லென்ஸ் மேல் மூடுபனி போலப் படிந்திருக்கிறது. உலோகப் பாகங்களில் தண்ணீர் நிற்கிறது. ஐஸ் டம்ளருக்கு வேர்த்தது போலவே காமிராவுக்கும் வேர்த்துவிட்டது!

கணக்கைப் பாருங்கள்

இதற்குக் காரணம் எளிய கணக்கு.

சூடான காற்று நிறைய நீராவியைத் தாங்கும். குளிர்ந்த காற்று கொஞ்சம்தான் தாங்கும். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் உள்ள ஒரு பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள காற்று 30 டிகிரி சூட்டில் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் சுமார் 17 கிராம். பூஜ்யம் டிகிரியில் 5 கிராம்கூட முழுதாகத் தாங்காது.

விடுதி அறையில் 20 டிகிரி சூடு இருக்கிறது. காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் பாதிதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படி இருந்தாலும், அந்த அறையில் 9 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பொருள் மீதும் தண்ணீர் படியும். வெளியிலிருந்து வந்த காமிராவோ பூஜ்யத்துக்குக் கீழே 5 டிகிரியில் இருக்கிறது. தண்ணீர் படியாமல் என்ன செய்யும்?

அந்தக் காமிரா சூடாகி 9 டிகிரியைத் தாண்டும் வரை அதன் மேல் ஈரம் சேர்ந்துகொண்டே இருக்கும். கண்ணாடியும் உலோகமும் கனமாக உள்ள பெரிய காமிரா சூடாவதற்கு அதிக நேரம் பிடிக்கும். ஆகவே அதற்குத்தான் ஆபத்து அதிகம்.

ஈரம் என்ன செய்யும்?

லென்சின் வெளிப்பக்கம் படிந்த ஈரம் தானாகவே காய்ந்துவிடும். அதனால் பெரிய கெடுதல் இல்லை.

உள்ளே படிந்த ஈரம் அப்படி அல்ல. ஒரு லென்ஸ் என்பது ஒரே ஒரு கண்ணாடி அல்ல. பல கண்ணாடிகள் அடுக்கடுக்காக இருக்கும். அவற்றின் இடையே ஈரம் போனால், வெளியேற வழி தெரியாமல் தங்கிவிடும். காமிராவின் உள்ளே நுணுக்கமான மின்சார இணைப்புகள் உண்டு. தண்ணீர் பட்டால் அவை துருப்பிடிக்கும். ஈரத்தோடு காமிராவை இயக்கினால் உள்ளே மின்சாரம் தப்பான வழியில் பாய்ந்து கருவியே கெட்டுப்போகலாம்.

இன்னொரு எதிரி பூஞ்சை. ஊறுகாய் மேல் பூப்பது போல, ஈரம் தங்கிய லென்சுக்குள்ளும் பூஞ்சை பூக்கும். சிலந்தி வலை போல மெல்லிய நூல்களாகப் படரும். விட்டுவிட்டால் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும்.

மூன்றாவது ஆபத்தும் இருக்கிறது. ஈரமான காமிராவை அப்படியே மறுபடி வெளியே எடுத்துப் போனால், உள்ளே உள்ள தண்ணீர் பனிக்கட்டியாக உறையும். லென்ஸ் திரும்பாது. ஷட்டர் அசையாது. பலவந்தமாகத் திருப்பினால் உடைந்துவிடும்.

தென்துருவத்தில் ஒரு பாடம்

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த விஷயம் அல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதை அனுபவத்தில் கற்றவர்கள் உண்டு.

இங்கிலாந்தைச் சேர்ந்த காப்டன் ஸ்காட் 1910-ம் ஆண்டு தென்துருவத்தை நோக்கிப் புறப்பட்டார். அவருடைய கோஷ்டியில் ஹெர்பர்ட் பாண்டிங் என்ற புகைப்படக்காரர் இருந்தார். அவர்கள் அண்டார்டிகாவில் ஒரு மரக்குடில் கட்டித் தங்கினார்கள். வெளியே உடலை உறைய வைக்கும் குளிர். உள்ளே அடுப்பின் வெப்பம்.

காமிராவைக் குடிலுக்குள் கொண்டுவந்தால் அதன் மேல் ஈரம் படிந்து, துடைத்துக் காயவைப்பது பெரும்பாடாக இருந்தது. ஆகவே பாண்டிங் ஒரு தந்திரம் செய்தார். காமிராக்களைச் சூடான அறைக்குள் கொண்டுவராமல் குளிரிலேயே வைத்துவிட்டார். சூடு பட்டால்தானே வேர்க்கும்? குளிரிலேயே இருக்கும் காமிராவுக்கு வேர்வை இல்லை!

பாண்டிங் தன்னுடைய தொழிலைக் கோஷ்டியில் மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். அவர்களில் பவர்ஸ் என்பவர் ஒருவர். ஸ்காட்டும் பவர்சும் மற்ற மூவரும் 1912-ம் ஆண்டு ஜனவரியில் தென்துருவத்தை அடைந்தார்கள். அங்கே ஐந்து பேரும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றைப் பவர்ஸ் எடுத்தார். காமிராவில் ஒரு கயிறு கட்டி, தானும் கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டு கயிற்றை இழுத்தார்.

திரும்பும் வழியில் ஐவரும் இறந்துபோனார்கள். அதே ஆண்டு நவம்பர் மாதம் தேடிச் சென்றவர்கள், பனி மூடிய கூடாரத்தில் மூன்று உடல்களைக் கண்டார்கள். நாட்குறிப்புகள் கிடைத்தன. படச்சுருளும் கிடைத்தது. மாதக்கணக்கில் பனியில் கிடந்த அந்தச் சுருளைக் கழுவியபோது ஐந்து முகங்களும் தெரிந்தன. அவர்களுடைய வீட்டார் கடைசியாகப் பார்த்த முகங்கள் அவைதான்.

ஒரு படத்தின் மதிப்பு என்ன என்று கேட்பவர்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா?

ஹில்லாரியின் சட்டைக்குள்

எட்மண்ட் ஹில்லாரி வேறு வழியைப் பின்பற்றினார். 1953-ம் ஆண்டு மே 29-ந் தேதி அவரும் டென்சிங்கும் எவரெஸ்ட் சிகரத்தின் உச்சியை அடைந்தார்கள். ஹில்லாரி தன்னுடைய காமிராவைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார். உடம்புச் சூட்டில் அது உறையாமல் இருந்தது. உச்சியில் வெளியே எடுத்து, கொடி கட்டிய பனிக்கோடரியுடன் டென்சிங் நிற்பதைப் படம் பிடித்தார். உலகம் முழுவதும் அறிந்த படம் அது.

ஒருவர் காமிராவைக் குளிரிலேயே வைத்தார். இன்னொருவர் சூட்டிலேயே வைத்தார். இரண்டும் எதிர் எதிரான வழிகள் போலத் தோன்றும். ஆனால் இரண்டிலும் ஒரே உண்மைதான் இருக்கிறது. ஜில்லென்றிருக்கும் காமிராவைச் சூடான ஈரக் காற்றில் திடீரென்று திறந்து வைக்கக்கூடாது. அவ்வளவுதான்!

என்ன செய்ய வேண்டும்?

இனி நாம் செய்ய வேண்டியதைப் பார்ப்போம்.

முதலாவதாக, காற்றுப் புகாதபடி வாயை அழுத்தி மூடக்கூடிய ஒரு பாலிதீன் பை வாங்கிக்கொள்ளுங்கள். அது கிடைக்காவிட்டால் ஓட்டை இல்லாத இரண்டு சாதாரணப் பைகள் போதும். ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, வாயை முறுக்கி ரப்பர் வளையம் போடலாம்.

இரண்டாவது விஷயம்தான் முக்கியம். விடுதி வாசலுக்கு வந்ததும், உள்ளே நுழைவதற்கு முன்பு, வெளியே குளிரில் நின்றபடியே காமிராவைப் பைக்குள் போடுங்கள். பையில் உள்ள காற்றை மெல்ல அழுத்தி வெளியேற்றி வாயை மூடுங்கள். குளிர்ந்த காற்றில் ஈரம் குறைவு. அந்தக் காற்றுதான் பைக்குள் இருக்கும். உள்ளே போன பிறகு மூடினால், அறையின் ஈரக் காற்றையும் சேர்த்துக் கட்டியது போலாகும். அதனால் பயன் இல்லை.

மூன்றாவதாக, பையோடு காமிராவை அறைக்குள் கொண்டுவந்து ஒரு மூலையில் வைத்துவிடுங்கள். கணப்புக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். இப்போது தண்ணீர் படியும். ஆனால் எங்கே? பையின் வெளிப்பக்கத்தில்! காமிரா உலர்ந்தபடியே இருக்கும்.

நான்காவதாக, காத்திருங்கள். சின்னக் காமிராவுக்கு ஒரு மணி நேரம். பெரிய லென்ஸ் உள்ள காமிராவுக்கு இரண்டு முதல் மூன்று மணி நேரம். பையைத் தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருக்கக்கூடாது. சந்தேகமாக இருந்தால் காலையில் திறந்தால் போகிறது.

"எடுத்த படத்தை உடனே பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் துடிப்பார்களே, என்ன செய்வது?" என்று கேட்கலாம். அதற்கும் வழி இருக்கிறது. காமிராவைப் பையில் போடும் முன்பு, வெளியே நிற்கும்போதே படம் பதியும் மெமரி கார்டைக் கழற்றி ஒரு சின்ன உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சிறு அட்டை சீக்கிரம் சூடாகிவிடும். பிறகு அதை வேறு கருவியில் போட்டுப் படங்களைப் பார்க்கலாம். காமிரா அதுபாட்டுக்கு மூலையில் இருக்கட்டும்.

செல்போனுக்கு என்ன வழி?

செல்போன் விஷயத்தில் ஹில்லாரியின் வழிதான் சுலபம். ஸ்வெட்டருக்கு உள்ளே, சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கும்போது மட்டும் வெளியே எடுங்கள். எடுத்ததும் உள்ளே வையுங்கள். போன் அதிகம் குளிராமல் இருந்தால் அறைக்குள் வந்தாலும் வேர்க்காது. உடம்பை ஒட்டி வைத்தால் வேர்வை ஈரம் படும். ஆகையால் உடம்புக்கும் போனுக்கும் நடுவில் ஒரு துணியாவது இருக்கட்டும்.

வெகுநேரம் வெளியே இருந்து போன் சில்லிட்டுவிட்டால், அதையும் பைக்குள் போட்டே உள்ளே கொண்டுவாருங்கள். அவசரமாக யாராவது கூப்பிட்டால், பாலிதீன் பைக்குள் இருந்தபடியே பேசலாம்.

"என் போன் தண்ணீர் புகாத போன்" என்று சிலர் சொல்வார்கள். அந்த மாதிரிப் போனுக்குள்ளும் காற்று இருக்கிறது. அந்தக் காற்றிலும் ஈரம் இருக்கிறது. லென்சின் உட்புறக் கண்ணாடியில் அது படியலாம். ஆகவே விளம்பரத்தை நம்பி அலட்சியம் வேண்டாம்.

பாட்டரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடுங்குளிரில் பாட்டரி சோர்ந்துவிடும். காலையில் முழுதாக இருந்த பாட்டரி பத்துப் படத்தில் தீர்ந்தது போலக் காட்டும். தூக்கி எறிந்துவிடாதீர்கள்! உள் சட்டைப் பையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். இரண்டு பாட்டரி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுவது நல்லது. ஜில்லென்றிருக்கும் போனை உடனே சார்ஜ் போடக்கூடாது. சூடு வந்த பிறகு போடலாம்.

செய்யக்கூடாத காரியங்கள்

இத்தனைக்கும் மீறிக் காமிராவுக்கு வேர்த்துவிட்டால்?

பதற வேண்டாம். உடனே அணைத்துவிடுங்கள். பாட்டரியையும் மெமரி கார்டையும் கழற்றுங்கள். காற்றோட்டமான, உலர்ந்த இடத்தில் வையுங்கள். மின்விசிறி போதும். முழுதும் தெளிந்த பிறகு மீண்டும் பாட்டரியைப் போடுங்கள்.

லென்சைக் கழற்றாதீர்கள். கழற்றினால் ஈரக் காற்று உள்ளே போகும்.

தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடு ஏற்றாதீர்கள். அடுப்புக்கு அருகே வைக்காதீர்கள். திடீர்ச் சூட்டில் ஈரம் இன்னும் உள்ளே போகும். ஒட்டுப் பசையும் இளகும்.

முந்தானையாலும் வேட்டி நுனியாலும் அழுத்தித் துடைக்காதீர்கள். சுத்தமான மெல்லிய பருத்தித் துணியால் வெளிப்பக்கத்தை மட்டும் மெதுவாக ஒற்றி எடுங்கள். வாயால் ஊதவும் வேண்டாம். மூச்சிலும் ஈரம் இருக்கிறது.

அரிசிப் பானைக்குள் போடாதீர்கள்! "அரிசி ஈரத்தை இழுத்துவிடும்" என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். அரிசியால் பெரிய பயன் இல்லை. அரிசித் தூசியும் தவிட்டுத் துகளும்தான் இடுக்குகளில் புகுந்துகொள்ளும். அரிசி சோறு ஆக்குவதற்கு இருக்கட்டும்.

அதற்குப் பதிலாகச் சிலிக்கா ஜெல் பொட்டலம் இருக்கிறது. புதுச் செருப்புப் பெட்டியிலும் மருந்துப் புட்டியிலும் சின்னப் பொட்டலமாக வருமே, அதுதான். அதைத் தூர எறியாமல் சேர்த்து வைத்து, காமிராப் பையில் போடலாம். குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் பழைய பொட்டலம் ஏற்கனவே ஈரம் குடித்து நிறைந்திருக்கும். அதை மட்டும் நம்பிப் பையை மூடாமல் விட்டுவிடக் கூடாது.

காஷ்மீர் போகாதவர்களுக்கும்

"காஷ்மீருக்குப் போகிறவர்களுக்கு இதெல்லாம் சரி. எங்களுக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் இருக்கலாம்.

ஊட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரி மாதங்களில் அங்கே உறைபனி விழுகிறது. அதிகாலையில் புல்வெளி வெள்ளைக் கம்பளமாக இருக்கும். அதைப் படம் எடுக்கவே போகிறவர்கள் உண்டு. எடுத்து முடித்ததும் கை விறைக்கிறது என்று நேரே டீக்கடைக்குள் நுழைகிறார்கள். அங்கே பால் கொதிக்கிறது. பாய்லரிலிருந்து ஆவி கிளம்புகிறது. கழுத்தில் தொங்கும் காமிரா அந்த ஆவியையெல்லாம் வாங்கிக்கொள்கிறது! டீ குடிக்கும் முன்பு காமிராவைப் பையில் போட்டிருந்தால் இந்தக் கஷ்டம் இல்லை.

சென்னையில் உறைபனி இல்லை. ஆனால் குளிர்சாதன அறை இருக்கிறது. கல்யாண வீடுகளில் இந்தத் தொல்லை அதிகம்.

புகைப்படக்காரர் முதல் நாள் இரவே மண்டபத்துக்கு வந்துவிடுகிறார். அவருக்குக் கொடுத்த அறையில் ஏ.சி. ஓடுகிறது. 22 டிகிரி குளிரில் காமிரா இரவு முழுவதும் இருக்கிறது. வெளியே 30 டிகிரி சூடு. கடற்கரை ஊர்க் காற்றில் ஈரம் நிறைய. அந்த நேரத்தில் 26 டிகிரிக்குக் கீழே உள்ள பொருளுக்கு வேர்க்கும். போதாக்குறைக்குச் சமையற்கட்டு ஆவியும் சேர்ந்துகொள்கிறது.

"முகூர்த்த நேரம் ஆச்சு, சீக்கிரம் வாங்க தம்பி!" என்று குரல் கேட்கிறது. அவர் காமிராவை எடுத்துக்கொண்டு ஓடுகிறார். கெட்டி மேளம் முழங்குகிறது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார். புகைப்படக்காரர் காமிராவைக் கண்ணில் வைக்கிறார். எல்லாம் வெள்ளை!

தாலி ஒரு முறைதான் கட்டப்படும். "இன்னொரு தடவை கட்டுங்கள்" என்று கேட்க முடியுமா? பெண்ணைப் பெற்றவர்களுக்கு மனவருத்தம். புகைப்படக்காரருக்குக் கெட்ட பெயர். அடுத்த கல்யாணத்துக்கு அவரைக் கூப்பிட மாட்டார்கள். அவருடைய பிழைப்பே இதில் அடங்கியிருக்கிறது.

அவர் செய்ய வேண்டியது இதுதான். முகூர்த்தத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு, காமிராவை மூடிய பைக்குள் வைத்தபடியே குளிர் அறையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அதைவிட நல்லது, இரவில் அதைக் குளிர் அறையில் வைக்காமலே இருப்பது.

பொருளோடு அறிவும் வர வேண்டும்

இவ்வளவு சுலபமான விஷயம் ஏன் பலருக்குத் தெரியவில்லை?

சொல்பவர்கள் இல்லை. அதுதான் காரணம்.

காமிராப் பெட்டிக்குள் ஒரு கையேடு இருக்கத்தான் செய்கிறது. ஈரத்தைப் பற்றி அதில் எங்கோ ஒரு மூலையில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர் அதைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. பிறகு காமிரா கெட்டால், "ஈரம் புகுந்த கருவிக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்ற பதில்தான் கிடைக்கிறது.

முழுக் காசு கொடுத்து வாங்கியவரிடம், அதைக் காப்பாற்றும் வழியைச் சொல்லாமல் விடுவது நியாயமா?

காமிரா விற்கும் கடைக்காரர்கள் தமிழில் பத்தே வரி அச்சடித்துப் பெட்டியோடு கொடுக்கலாம். அதற்குப் பெரிய செலவு ஆகாது. சுற்றுலா அழைத்துப் போகிறவர்கள், "ஸ்வெட்டர் எடுத்து வாருங்கள்" என்று சொல்லும்போது, "காமிராவுக்கு ஒரு பையும் எடுத்து வாருங்கள்" என்று சேர்த்துச் சொல்லலாம். மலைப் பிரதேசத்து விடுதிக்காரர்கள் வாசலில் ஒரு சிறிய பலகை வைக்கலாம். பள்ளிக்கூடத்திலிருந்து சுற்றுலா போகும் பிள்ளைகளுக்கு ஆசிரியர் சொல்லிக் கொடுக்கலாம். நீராவி, பனித்துளி பற்றிய விஞ்ஞானப் பாடத்தை இதைவிட நன்றாக மனத்தில் பதிய வைக்க வேறு உதாரணம் தேவையில்லை.

வாங்குகிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு. கடையில் விலையைப் பற்றிப் பேரம் பேசுகிறோம். "இதை எப்படிக் காப்பாற்ற வேண்டும்?" என்று எத்தனை பேர் கேட்கிறோம்? கேட்டால் கௌரவக் குறைவு என்று நினைக்கக்கூடாது. தெரியாததைக் கேட்பதில் வெட்கம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குடும்பத்தில் காமிராவை வைத்திருப்பவர் பெரும்பாலும் ஒருவர்தான். அவர் பைக்குள் போட்டு மூடி, "இரண்டு மணி நேரம் யாரும் தொடக்கூடாது" என்று சொன்னால், மற்றவர்கள் கேலி செய்கிறார்கள். அவசரப்படுத்துகிறார்கள். அவரை விட்டுவிடுங்கள். அவர் காப்பாற்றுவது காமிராவை மட்டும் அல்ல. பனியை அள்ளிச் சிரித்த பாட்டியின் முகத்தையும் சேர்த்துத்தான்.

அடுத்த ஆண்டு பாட்டியால் அவ்வளவு தூரம் வர முடியுமோ, முடியாதோ! படம் பத்திரமாக இருக்க வேண்டும் அல்லவா?

ஆகவே பயணத்துக்குப் பெட்டி கட்டும்போது, ஸ்வெட்டருக்கு மேலே இரண்டு பாலிதீன் பைகளை மடித்து வையுங்கள். கையில் காமிராவோடு விடுதி வாசலில் கால் வைக்கும்போது ஒரு நிமிடம் நில்லுங்கள். பையில் போட்டு மூடுங்கள். பிறகு உள்ளே போய்ச் சூடாக ஒரு காபி குடியுங்கள். காமிரா காத்திருக்கும்.